கற்றல் பாணி வினாநிரல் உண்மையில் எதை அளக்கிறது?



கல்வி உளவியல் தாளில் கற்றல் பாணி பற்றிக் கேட்டால் பலரும் ஒரே விடையைத்தான் எழுதுகிறார்கள். காட்சிவழி, செவிவழி, செயல்வழி என மாணவர்கள் மூன்று வகை. அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் அடைவு உயரும். முதல் பகுதி ஒரு வகைப்பாடு, அது இருக்கட்டும். இரண்டாம் பகுதியை நிரூபணமான உண்மைபோல எழுதுவதில்தான் சிக்கல்.

எந்த அளவுக் கருவியைக் கண்டாலும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பழகுங்கள். திரும்ப அளந்தாலும் அதே முடிவு வருமா? இது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா? இது ஏற்புடைமை. சந்தையில் ஒரு தராசு எப்போதும் 200 கிராம் கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் அதே பிழைதான் வருகிறது, ஆகவே நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இப்போது வார்க் வினாநிரலை எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் உருவாக்கியது. 1992-இல் கொலீன் மில்ஸுடன் சேர்ந்து இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். காட்சி, செவி, வாசிப்பு-எழுத்து, செயல் என நான்கு வழிகள். (இதில் காட்சி என்பது வரைபடம், குறிவரைவு போன்றவை, காணொளி அதில் சேராது. பலர் இங்கே தவறிவிடுகிறார்கள்.) இன்று புழக்கத்தில் உள்ள 16 கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: இப்படி ஒரு சூழலில் நீங்கள் என்ன செய்வீர்கள்? மாணவர் தமக்குப் பிடித்ததைச் சொல்கிறார். அப்படியென்றால் அளக்கப்படுவது விருப்பம். எந்த வழியில் நன்றாகக் கற்கிறார் என்பது அதில் சோதிக்கப்படவே இல்லை. தன்னைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டும் கருவியாகத்தான் ஃபிளெமிங்கும் மில்ஸும் இதை முன்வைத்தார்கள்.

கோல்ப் கருவியில் வேறொரு சங்கதி. 1985 பதிப்பில் 12 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு முடிவுகளை 1 முதல் 4 வரை வரிசைப்படுத்த வேண்டும். கூட்டிப் பாருங்கள்: ஒரு வாக்கியத்துக்கு 10, மொத்தம் 120. யார் எழுதினாலும் அதே 120தான்! ஒரு பாணியின் புள்ளி ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆக வேண்டும். ஆகவே இது ஒருவருக்குள் எது முந்துகிறது என்று காட்டுமே தவிர, குமாரைவிட மாலதி அதிகம் சிந்திப்பவர் என்று சொல்ல உதவாது.

2004-இல் பிரிட்டனில் காஃபீல்டு குழுவினர் 71 கற்றல் பாணி மாதிரிகளை இனங்கண்டு, அவற்றில் 13-ஐ விரிவாக ஆராய்ந்தார்கள். பல கருவிகளின் நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் பலவீனமாகவே இருந்தன. 2008-இல் பாஷ்லரும் மூவரும் இன்னும் நேரடியாகக் கேட்டார்கள்: பாணிக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குச் சான்று எங்கே? மாணவர்களைப் பாணிப்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்கு ஒரு முறை, மீதிப் பேருக்கு இன்னொரு முறை என்று குலுக்கல் முறையில் ஒதுக்கி, எல்லாருக்கும் ஒரே சோதனை வைக்க வேண்டும். காட்சிவழியினருக்கு ஒரு முறையும் செவிவழியினருக்கு மற்றதும் சிறந்ததாக அமைந்தால்தான் கூற்று நிற்கும். இப்படிச் செய்யப்பட்ட ஆய்வுகளே மிகக் குறைவு. அவற்றிலும் பல எதிரான முடிவையே காட்டின.

கார்ட்னரின் பன்முக நுண்ணறிவை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 1983-இல் வந்த நுண்ணறிவுக் கோட்பாடு. இரண்டும் ஒன்றல்ல என்று அவரே 2013-இல் எழுதிவிட்டார்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? வழியை முடிவு செய்வது பெரும்பாலும் பாடப்பொருள்தான். வலி, வளி, வழி மூன்றையும் எடுங்கள். பேச்சில் பல பிள்ளைகள் ழகரத்தை ளகரமாகத்தான் ஒலிக்கிறார்கள். செவிவழி மாணவர் என்று சொல்லி ஒருவரைக் கேட்க மட்டும் விட்டால் சொல்வதெழுதுதலில் தடுமாறத்தானே செய்வார்? அவரும் கேட்க வேண்டும், நாவை மடித்து ஒலிக்க வேண்டும், எழுத்தைப் பார்த்து எழுதவும் வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான்.

தேர்வில் இப்படி எழுதலாம்: "கற்றல் பாணி வினாநிரல் மாணவரின் விருப்பத்தை அறிய உதவுகிறது, ஆனால் அதற்கேற்பக் கற்பித்தால் அடைவு உயரும் என்பதற்குப் போதிய ஆய்வுச் சான்று இல்லை. ஆசிரியர் பாடப்பொருளுக்கும் மாணவரின் முன்னறிவுக்கும் ஏற்பப் பல வழிகளைக் கையாளலாம்."

இன்னொன்று. பாட நூலைத் தொடாமல், நீங்கள் சொல்வதைக் கேட்டே பதில் சொல்லும் பிள்ளை இருக்கிறாரா? வினாநிரலை நீட்டுமுன் அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, வெண்பலகையில் உள்ளதை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் பெற்றோரிடம் பேசிக் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.