பற்றும் கையே பார்க்கும் கண்

மற்போர் தமிழர்க்குப் புதியதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற திறத்தைச் சாத்தந்தையார் பாடிய பாட்டுக்கள் புறநானூற்றில் உள. மற்போரில் கண் செய்யும் தொழில் எவ்வளவு, கையும் காலும் செய்யும் தொழில் எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வினாவுக்கு விடை தருவது பார்வையற்றோர் பயிலும் ஜூடோ.

1882இல் ஜப்பானிய ஆசிரியர் ஜிகோரோ கானோ வகுத்த இக்கலையின் பெயருக்கு 'மென்னெறி' என்பது பொருள். பார்வை குன்றிய ஆடவர்க்கு 1988இல் சியோல் பராலிம்பிக்கிலும், மகளிர்க்கு 2004இல் ஏதென்ஸிலும் இது போட்டியாயிற்று. இங்கே இருவரும் ஒருவர் அங்கியை மற்றவர் பற்றிய பின்னரே போர் தொடங்கும். பிடி முற்றும் நழுவினால் நடுவர் போரை நிறுத்தி, மீண்டும் பற்றச் செய்வார்.

ஆதலின் பயிற்சியும் பிடியிலிருந்தே பிறக்கின்றது. விலகி நின்று இளைப்பாற இடமில்லை. நான்கு நிமிடமும் இழுபறியே. முன்கை உரம்பெற வடமேறுவர். தடித்த துணியைப் பற்றித் தொங்குவர். சமநிலைக்கு ஒற்றைக் காலில் நின்று பழகுவர். யாவற்றுக்கும் முன்னதாக விழப் பயில்வர்: மோவாயை மார்போடு சேர்த்து, கையால் பாயை அறைந்து வீழ்ந்தால் தலைக்கு ஊறில்லை. ஆசிரியர் தம் நிலையைத் தொட்டறியச் செய்து, சொல்லால் விளக்குவார். விழித்திரை நோயுடையார்க்கு அதிர்ச்சி தீங்காதலும் உண்டு. மருத்துவர் இசைவு முதற்கண் வேண்டும்.

மத்தியப் பிரதேசத்துச் சீஹோரைச் சேர்ந்த கபில் பர்மார், இளமையில் வயலிலே நீரிறைக்கும் பொறியைத் தொட்டு மின் தாக்குண்டவர். பின்னர்ப் பார்வை குன்றியவர். தேநீர் விற்றும் பிழைத்தவர். 2024 செப்டெம்பர் 5ஆம் நாள் பாரிஸில், 60 கிலோ பிரிவில், பிரேசில் வீரரை 10-0 என வென்று வெண்கலம் பெற்றார். பராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்குக் கிட்டிய முதற் பதக்கம் அதுவே.

அரநாயக்கவில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் சரிவும் படியும் ஏறி இறங்கியே கால் உரம் பெறுகின்றனர். பார்வை குன்றிய பிள்ளையை மட்டும், 'பாவம், விழுந்துவிடும்' என்று விளையாட்டு நேரத்தில் மரநிழலில் இருத்திவிடுகின்றோம். இரக்கத்தாற் செய்வதாயினும் விளைவு கேடே. ஆடாத கால் தளர்கின்றது. தளர்ந்த கால் எளிதில் இடறுகின்றது. இடறலைக் கண்டு பின்னும் இருத்துகின்றோம். விழாமற் காப்பதினும் விழக் கற்பிப்பதே மேலான காப்பு. ஒரு பாயும், ஒரு கயிறும், அருகில் நின்று சொல்லித்தரும் ஆசிரியரும் இருந்தால் அக்கல்வியை நாளையே தொடங்கலாம்.