விரலால் ஓடிய டெகத்லான்

மாஸ்கோவில் 1980இலும் லாஸ் ஏஞ்சலஸில் 1984இலும் டெகத்லான் தங்கத்தை வென்றவர் பிரிட்டனின் டேலி தாம்சன். நூறு மீட்டர் ஓட்டத்தில் தொடங்கி 1500 மீட்டரில் முடியும் பத்துப் போட்டிகள், இரண்டே நாளில். மான்செஸ்டரின் ஓஷன் நிறுவனம் 1984இல் அவர் பெயரிலேயே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டது. ஸ்பெக்ட்ரம், காமடோர் 64 போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காகக் கேசட்டில் வந்த விளையாட்டு அது. திரையில் இருப்பவர் ஓட வேண்டுமானால் ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமுமாக விடாமல் ஆட்ட வேண்டும். அது இல்லாதவர்கள் கீபோர்டில் இரண்டு விசைகளை மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். மூளைக்கு வேலையில்லாத, ஜாய்ஸ்டிக்கை உடைக்கிற ஆட்டம் என்று இந்த வகை விளையாட்டுகளை ஒதுக்குவது வழக்கம். ஆனால் அன்றைய கம்ப்யூட்டரில் தடகளத்தைக் காட்ட இதைவிட நேர்மையான வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்பெக்ட்ரமின் நினைவகம் 48 கிலோபைட். அதில் ஏறக்குறைய ஏழு, திரையில் படம் காட்டுவதற்கே போய்விடும். மீதியில் போட்டிகளை அடக்கிய பிறகு தசை, மூச்சு, களைப்பு இவற்றையெல்லாம் கணக்குப் போட்டுக் காட்ட இடம் ஏது? அதனால் அந்தக் களைப்பை ஆடுபவரின் கைக்கே தள்ளிவிட்டார்கள். நானூறு மீட்டரில் பாதி தூரம் போவதற்குள் முன்கை கடுக்கத் தொடங்கும், தட்டும் தாளம் பிசகும், திரையில் ஓடுபவரும் தளர்வார். ஜப்பானின் கொனாமி 1983இல் காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்காகச் செய்த ‘டிராக் அண்ட் ஃபீல்டு’ காட்டிய வழிதான் இது.

வெறும் வேகம் விளையாட்டாகுமா என்று கேட்கலாம். நீளம் தாண்டுதலைக் கவனித்தால் பதில் கிடைக்கும். வெறிபிடித்தாற்போல் ஆட்டிக்கொண்டிருக்கும் கை, தாண்டும் பலகை வந்த நொடியில் நிதானத்துக்கு மாற வேண்டும். விசையை அழுத்தி, கோணம் ஏறும்வரை பிடித்திருந்து, சரியான நேரத்தில் விட வேண்டும். பலகையைத் தாண்டிவிட்டால் ஃபவுல். வேகத்தையும் நிதானத்தையும் ஒரே மூச்சில் கேட்பதுதானே தாண்டுதல்! இயற்பியலில் ஓட்டை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்: இவ்வகை விளையாட்டுகள் 45 டிகிரியை ஒட்டிய கோணத்துக்குப் பரிசு தரும், நிஜ வீரர்கள் 20 டிகிரி சுமாரில்தான் எழும்புகிறார்கள்.

இன்னும் வலுவான மறுப்பு, அதே 1984இல் அமெரிக்காவின் எபிக்ஸ் வெளியிட்ட ‘சம்மர் கேம்ஸ்’. பார்க்க அழகு. அதன் நீச்சலில் கை தண்ணீரைத் தொடும் தருணத்தில் பொத்தானை அழுத்தினால் போதும், முரட்டுத்தனம் தேவையில்லை. நுட்பம் சார்ந்த போட்டிகளுக்கு அந்த வழியே மேல். ஆனால் நூறு மீட்டர் ஓட்டம் வந்ததும் எபிக்ஸும் ஜாய்ஸ்டிக்கை ஆட்டத்தான் சொன்னது. தொடர் ஓட்டத்திலோ வீரரின் மிச்ச சக்தியைத் திரையில் ஒரு பட்டையாகக் காட்டி, அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சொன்னது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் அந்தக் களைப்பைப் படிக்கலாமே தவிர, பட முடியாது.