கட்டியகாரனும் ரொன்ரோவும்: நாயகனுக்கு அருகில் நிற்பவன் பற்றிய ஒரு குறிப்பு

அமெரிக்க மேற்கு நிலப்பரப்பைக் களமாகக் கொண்ட குதிரைவீரர் தொடர்கள் 1950களில் அந்நாட்டுத் தொலைக்காட்சியிற் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தன. அவற்றின் நாயகர் பற்றி நிரம்ப எழுதப்பட்டுள்ளது. நாயகனுக்கு அருகில் நிற்பவன் யார், அவன் ஏன் அங்கு நிற்கின்றான் என்பதே ஈண்டு எமது வினா.

'லோன் ரேஞ்சர்' (1949–1957) என்பதற்குத் தனித்த காவலன் என்று பொருள். ஆயினும் அவன் தனித்தவனல்லன். பதுங்கித் தாக்கப்பட்டு உயிர்போகுந் தறுவாயிற் கிடந்தவனைக் காப்பாற்றியவன் ரொன்ரோ என்னும் ஆதிக்குடியினன். அதன்பின் தடம் பார்ப்பவனும் உளவறிய ஊருக்குள் அனுப்பப்படுபவனும் அவனே. கூலி பற்றிய பேச்சே எழுவதில்லை. 1933இல் இக்கதை வானொலியில் தொடங்கியபோது, நாயகன் உரையாடுவதற்கு ஓர் ஆள் வேண்டுமென்றே அவன் சேர்க்கப்பட்டான். ஸ்பானிய மொழியில் முட்டாளைக் குறிக்கும் பெயரும் உடைந்த ஆங்கிலமும் அவனுக்கு வாய்த்தன. அவனாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் கனடாவிற் பிறந்த மோஹோக் குடியினர். தொடர் ஒளிபரப்பான காலத்திலேயே, 1953இல், ஆதிக்குடிகளின் தனி அந்தஸ்தை முடிவுக்குக் கொண்டுவரும் தீர்மானத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. நிலத்தை இழந்தவன் திரையில் விசுவாசமுள்ள நண்பனாக மீள்கின்றான். நிலவுரிமைப் பிரச்சினை நட்பாக உருமாற்றப்படுகின்றது.

'பொனான்சா' தொடரின் சீனச் சமையற்காரன் ஹொப் சிங்கும் இவ்வகையினனே. 'கன்ஸ்மோக்' தொடரின் செஸ்ரர் வெள்ளையன். எனினும் வர்க்க இடைவெளி மறையவில்லை. விறைத்த காலோடு நொண்டி நடந்து, கோப்பி காய்ச்சி, நாயகனை என்றும் 'மிஸ்ரர் டில்லன்' என்றே விளிப்பான்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து நோக்குவார்க்கு இவ்வுறவு அந்நியமானதன்று. எமக்கும் ஒரு மேற்கு உண்டு. வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை. அங்கு போடியாரின் வயலிலே பாடுபட்ட முல்லைக்காரனையும் 'நம்மட ஆள்' என்ற சொல்லால் அணைத்துக்கொள்ள முடிந்தது. அணைப்பு மெய்யாகவே இருந்திருக்கலாம். நெல் யாருடையது என்பதை அது மாற்றவில்லை.

ஆனால் எமது கூத்துக்களரி இவ்வுறவை வேறுவிதமாக அமைத்துள்ளது. அரசனுக்கு முன்னர் களரிக்கு வருபவன் கட்டியகாரன். அவனே அரசனின் வரவைச் சபையோர்க்கு அறிவிக்கின்றான். தமிழகத் தெருக்கூத்திலோ அவன் இன்னும் துணிந்தவன். வந்த வேந்தனையே யாரென்று வினவுவான். புராண மொழிக்கிடையே ஊர்ப்பேச்சிற் கேலி செய்வான். ரொன்ரோவின் முகம் நாயகனை நோக்கியது. கட்டியகாரனின் முகம் சபையை நோக்கியது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஆக்கியோரின் நல்மனமன்று. லோன் ரேஞ்சருக்குப் பணம் தந்தது காலையுணவுப் பண்டம் விற்ற ஜெனரல் மில்ஸ் கம்பனி. களரியைச் சூழ்ந்திருந்தவர்களோ கட்டியகாரனை அறிந்த ஊரவர்கள். அவர்களின் சிரிப்பே அவனுக்கு வாய் தந்தது.

இதனைப் புரட்சியெனக் கொள்வது மிகையாகும். விடியும்போது அரசன் அரசனாகவே இருப்பான். ஆயினும் தமிழ் மரபு சிலவேளை மேலும் ஓரடி சென்றிருக்கின்றது. நொண்டி நாடகங்களிலே குதிரை திருடப்போய்க் கால் வெட்டுண்டவனே நாயகன். தன் கால் போன கதையைத் தானே சபைக்குச் சொல்கின்றான். செஸ்ரரின் கால் விறைத்த காரணத்தைக் கேட்க மிஸ்ரர் டில்லனுக்கு நேரமிருக்கவில்லை.