பீர்க்கங்காய்த் தோலைக் குப்பையில் போடாதீர்கள்!



வேலியில் பறிக்காமல் விட்ட பீர்க்கங்காய் முற்றிக் காய்ந்து கூடாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விதையை உதறிவிட்டு அதைக் கொண்டு உடம்பு தேய்த்துக் குளிப்போம். அந்தக் கூடு முழுக்க நார். மலாய்க்காரர்கள் பெத்தோலா என்கிற இளங்காயிலும் நார் உண்டு, மெத்தென்று இருக்கும்.

நாரை நம் குடல் செரிப்பதில்லை. "செரிக்காததைத் தின்று என்ன லாபம்?" என்பீர்கள். லாபமே அதில்தான்! கரையாத நார் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மலத்தை இளக்கித் தள்ளுகிறது. கரையும் நார் கஞ்சிபோலக் குழைந்து, சோற்றிலுள்ள சர்க்கரை மளமளவென்று இரத்தத்தில் ஏறாமல் தடுக்கிறது. 2019இல் நாடு முழுவதும் நடந்த சுகாதார ஆய்வில் பெரியவர்கள் 100 பேரில் 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் 31 பேர்.

நம் பழக்கம் என்ன? விடியற்காலையில் ஒரு தேத்தண்ணி, ரெண்டு ரொட்டி. மத்தியானம் வெள்ளைச் சோறு, கருவாட்டுக் குழம்பு. வேர்வை கொட்டும், குடிப்பதோ ஒரு போத்தல் தண்ணி. ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் வந்ததையும் அடக்கிக்கொள்கிறார்கள். மூணு நாள் போகாவிட்டால் "உடம்புச் சூடு" என்று விளக்கெண்ணெய் தேடுகிறோம். சூடு இல்லீங்க, நாரும் தண்ணியும் பத்தலை!

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பீர்க்கங்காயில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். நாளைக்கு 20 முதல் 30 கிராம் நார் தேவை. இந்தக் காய் மட்டும் காணாது, பருப்போடு கூட்டு வையுங்கள். தோலை எறியாமல் நன்றாகக் கழுவி வதக்கி, உளுந்து, மிளகாய், புளி சேர்த்துத் துவையல் அரையுங்கள். நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். மெல்லக் கூட்டுங்கள்.

சமைக்குமுன் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காய் முழுவதையும் வீசிவிடுங்கள். அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது, வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும்.

மலத்தில் இரத்தம் கண்டால் மட்டும் துவையலை நம்பி உட்காராதீர்கள். மூலமாக இருக்கலாம், குடல் புற்றாகவும் இருக்கலாம். டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கூலி போய்விடுமே என்று பயமா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உங்களுக்கு உண்டு. எம்.சி. வாங்கிக்கொண்டு, 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குச் சொல்லிவிடுங்கள்.