டாமியோடு ஊருக்கா? முதலில் வெயிலைப் பாருங்கள்!

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எழும்பூர் ரயில் நிலையம் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். பெட்டி, பை, பாட்டி, பேரன் என்று நகரும் அந்தக் கூட்டத்தில் இப்போது கழுத்துப்பட்டையோடு லாப்ரடாரும் கூடைக்குள் ஷிட்சுவும் சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போன காலம் மாறி, செல்லப் பிராணியும் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புகிறது. கிளம்பும் மாதம்தான் கவலை தருகிறது. ஏப்ரல், மே!

ரயிலில் நாயைக் கூட்டிப்போக விதி தெளிவாக இருக்கிறது. முதல் வகுப்பில் இரண்டு பெர்த் கொண்ட கூபேயையோ நான்கு பெர்த் கேபினையோ முழுதாக எடுத்தவர்கள் மட்டும் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் அனுமதி இல்லை. இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டால் கூபே உறுதி என்றும் நினைக்க முடியாது. சார்ட் தயாராகும்போதுதான் அது தெரியவரும். தடுப்பூசி அட்டை, பயணத்துக்கு ஓரிரு நாள் முன் கால்நடை மருத்துவர் தந்த உடல்தகுதிச் சான்று, டிக்கெட் நகல் ஆகியவற்றோடு வண்டி புறப்படும் நேரத்துக்கு வெகுமுன்பே பார்சல் ஆபீஸில் நிற்க வேண்டும்.

கூபே கிடைக்காத நாய்க்கு கார்டு பெட்டியில் உள்ள கூண்டுதான் இடம். கார்டின் பதவிப் பெயர் 2022-இல் டிரெய்ன் மேனேஜர் என்று மாறிவிட்டாலும் மக்கள் வாயில் அது கார்டு பெட்டிதான். உடையவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அது பத்துப் பெட்டி தள்ளி இருக்கலாம். வண்டி இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் தண்ணீர் பாட்டிலோடு ஓடி, கூண்டுக் கதவு வழியாகக் கிண்ணத்தை நீட்டி, அது நக்கத் தொடங்கும் நேரத்தில் சிக்னல் விழ, திரும்பி ஓடிவர வேண்டும். மார்கழி இரவில் இதைச் சமாளித்துவிடலாம். மே மாதப் பகல் வண்டியில் இந்த ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காரணம், நாயின் உடம்பு. நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்வை. உடம்புச் சூட்டை இறக்க அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்க வேண்டும். சுற்றியுள்ள காற்றே அனலாகவும் புழுக்கமாகவும் இருந்தால் இரைத்தும் பயனில்லை. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதிலும் பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். 2005 முதல் 2010 வரை விமானப் பயணங்களில் இறந்த நாய்களைப் பற்றி அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட கணக்கில் ஏறக்குறைய பாதி இந்த இனங்கள்தான். சில விமான நிறுவனங்கள் இவற்றை ஏற்றவே மறுப்பதற்கு இதுதான் காரணம்.

கூபே ஏசியில் வெயில் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் வரை அது சரிதான்.

ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் காரில்தானே போகின்றன? விக்கிரவாண்டி பக்கம் பகல் ஒரு மணிக்குச் சாப்பிட நிறுத்துகிறார்கள். உணவகத்துக்குள் நாயை விடமாட்டார்கள். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, “பத்தே நிமிஷம்டா டாமி” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார்கள். இலை போட்டு, சோறு வந்து, மோர் குடித்துக் கை கழுவுவதற்குள் அரை மணி ஓடிவிடும். நிறுத்தி வைத்த கார்களின் உள்வெப்பத்தை அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்றே திறந்து வைத்ததால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. நம் ஊரில் வெளியிலேயே 40 டிகிரி! ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிட்டு, ஒருவர் நாயோடு நிழலில் நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நாயைக் காரிலிருந்து இறக்கிவிடும் முன் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

நல்லெண்ணத்தோடு செய்யும் இரண்டு காரியங்கள் நிலைமையை மோசமாக்குகின்றன. ஒன்று, கிளம்புவதற்கு முன் பொமரேனியனுக்கும் கோல்டன் ரெட்ரீவருக்கும் மொட்டை அடிப்பது. இரட்டை அடுக்கு முடி வெயிலைத் தடுக்கும் கவசம். வழித்தெடுத்தால் தோல் நேரடியாகச் சூடேறும். இன்னொன்று, தூக்க மாத்திரை. மருத்துவரைக் கேட்காமல் கொடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கும், உடம்புச் சூட்டைச் சமாளிக்கும் திறனும் குறையும்.

மாத்திரைக்குப் பதில் பழக்கம் போதும். ஒரு மாதம் முன்பே பயணக் கூண்டை வீட்டுக்கூடத்தில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு போடலாம். பூனைகளுக்கு இது இரட்டிப்பு அவசியம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதன்முறை போடுவதாக இருந்தால் எதிர்ப்புச் சக்தி உருவாக மூன்று வாரமாவது விட வேண்டும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட்டால் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி குறையும்.

விட்டுவிட்டுப் போனால் சோறு தண்ணீர் இறங்காது என்கிறார்கள் சிலர். சில நாய்கள் விஷயத்தில் அது உண்மைதான். கூட்டிப்போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ரயிலில் இரவு வண்டி, காரில் விடியற்காலை நாலு மணி. பதினோரு மணிக்குள் ஊர் சேர முடியாத தூரமென்றால் நடுவில் ஓர் இரவு தங்கிப் போகலாம்.

வழியில் நாய் தள்ளாடினாலோ, எச்சில் கயிறாகத் திரண்டு ஈறு செக்கச்சிவந்தாலோ உடனே வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஏசிக் காற்றையோ விசிறியையோ காட்ட வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். சூடு இறங்கத் தொடங்கியதும் மருத்துவமனைக்கு. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, நெல்லை ராமையன்பட்டி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கிளம்புமுன் இவற்றின் தொலைபேசி எண்களையும், அவசர சிகிச்சை எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.