கார் பதில் சொன்னதா?

மும்பை தாராவியின் 90 அடி சாலையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் இடம் பிடித்துக் காரை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்திவிட்டு வீடு போய்ச் சேருவது இன்னொரு வேலை. நடுவில் இரண்டு மூன்று கல்லிகள், அதாவது குறுகிய சந்துகள், இருக்கும். ஸ்கூட்டரே திணறித்தான் நுழையும். வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரியுமே தவிர, கார் தெரியாது. பாதி தூரம் வந்த பிறகு, "ஏல, வண்டியப் பூட்டுனியா?" என்று கூட வருகிறவர் கேட்டுவிட்டால் போச்சு. உடனே பையிலிருந்து சாவியை எடுத்து, கார் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு அழுத்து. சத்தமும் கேட்பதில்லை, வெளிச்சமும் தெரிவதில்லை. ஆனாலும் அழுத்திய திருப்தியோடு நடப்பவர்களே அதிகம்.

பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் ஓடிய காலத்தில் இந்தச் சந்தேகத்துக்கு அவ்வளவு இடமில்லை. கதவில் சாவியை நுழைத்துத் திருப்பினால் பூட்டு விழுந்தது கைக்கே தெரியும். கண்ணாடியோரக் குமிழ் இறங்கியது கண்ணுக்கும் தெரியும். மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. டாக்ஸிகளுக்கு 20 வருட வயது வரம்பு இருப்பதால், 2023 அக்டோபர் 30 முதல் அந்த வண்டிகள் ஓட்டத்திலிருந்து விலகின. இப்போது பட்டனை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வண்டிகள் பெருகிவிட்டன.

தொலைவிலிருந்தே காரைப் பூட்டும் ரிமோட் முதலில் வந்தது பிரான்சில். 1982-ல் ரெனோ நிறுவனம் தன் ஃபுவேகோ காரில் அதைக் கொடுத்தது. இன்று நம் ஊர் கார்களின் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து வானொலி அலையில் பேசுகின்றன. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு புதிய ரகசிய எண் போகும். பழைய எண்ணை யாராவது பதிவு செய்து மறுபடி அனுப்பினால் கார் ஏற்காது. இப்படி எண்ணை மாற்றிக்கொண்டே போகும் முறைகளில் பேர் பெற்ற 'கீலாக்', தென்னாப்பிரிக்காவில் 1980-களில் உருவாகி, 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண ரிமோட் பேசும், கேட்காது. அதில் எரிகிற சின்ன சிவப்பு விளக்கு, 'நான் சொல்லிவிட்டேன்' என்பதற்கு மட்டுமே அடையாளம். கார் அதைக் கேட்டதா, கேட்டுப் பூட்டியதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. சொன்னது காருக்குப் போய்ச் சேராமல் இருக்கக் காரணங்களும் நிறைய. பல ரிமோட்டுகளில் இருப்பது காசு அளவுள்ள 3 வோல்ட் பேட்டரி. அது தளர்ந்தால் எட்டும் தூரம் குறையும். முப்பதடி தள்ளி நின்று பூட்டிய கார், ஒருநாள் பக்கத்தில் வந்தால்தான் பூட்டுவேன் என்று அடம்பிடிக்கும். ஒரு கதவோ டிக்கியோ சரியாகச் சாத்தாமல் இருந்தாலும் முழுதாகப் பூட்டாது.

அடுத்தது அலைகளின் நெரிசல். வயர் இல்லாத காலிங் பெல், ஷட்டர் ரிமோட் என்று மலிவான பல கருவிகள் இதே அலைவரிசைப் பக்கத்தில்தான் இயங்குகின்றன. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில் 2019-ல் ஒரு பகுதியில் கார் ரிமோட்டுகளும் கராஜ் கதவுகளும் வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்தால், மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று அறிய ஒருவர் தன் வீட்டிலேயே செய்து வைத்திருந்த கருவி அங்கே கார் ரிமோட்டுகள் பயன்படுத்தும் 315 மெகாஹெர்ட்ஸ் அலையை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றியதும் ஊர்ச் சாவிகள் எல்லாம் உயிர் பெற்றன. அது தெரியாமல் நடந்தது. தெரிந்தே செய்பவர்களும் உண்டு. கீலாக் பிறந்த அதே தென்னாப்பிரிக்காவில், மால் பார்க்கிங்கில் பக்கத்தில் நின்று வேறொரு ரிமோட்டை விடாமல் அழுத்தி, பூட்டும் அலையை மறித்து, உரிமையாளர் நகர்ந்ததும் காரைத் திறந்து பொருளை எடுத்துப் போவது தெரிந்த திருட்டு வகை. கண்ணாடி உடைவதில்லை, கதவு நெம்பப்படுவதில்லை. பூட்டாத காருக்கு அதெல்லாம் எதற்கு?

ஆகவே பார்க்க வேண்டியது சாவியை அல்ல, காரை. பூட்டியதும் நான்கு இண்டிகேட்டர்களும் சிமிட்டும். பல கார்களில் பூட்டினால் ஒரு தடவை, திறந்தால் இரண்டு தடவை. சில மாடல்களில் கணக்கு மாறும் என்பதால், கூடவே வந்த கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஏதாவது கதவு திறந்திருந்தால் பல கார்கள் சிமிட்டவே சிமிட்டாது. வேறு சில வண்டிகள் பீப் அடித்துக் குறை சொல்லும். சைடு மிரர் தானாக மடியும் வண்டியாக இருந்தால் இன்னும் வசதி. 90 அடி சாலையில் மிரரை மடிக்காமல் விட்டால் கைவண்டியோ டெம்போவோ தட்டிவிட்டுப் போகும். மடிந்த மிரர் தப்பிக்கும். கார் பூட்டியிருக்கிறது என்பதை இருபதடி தூரத்திலிருந்தே காட்டியும் கொடுக்கும். ஆனால் மிரர் பூட்டோடு சேர்ந்து மடிகிறதா, தனி பட்டனுக்கு மடிகிறதா என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

சாவியைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாத கார்களில் வேறொரு கூத்து. கைப்பிடியில் உள்ள பட்டனைத் தொட்டுப் பூட்டுவார்கள். பூட்டியதா என்று பார்க்க அதே கைப்பிடியை இழுத்தால், பையில் சாவி இருப்பதை உணர்ந்து சில வண்டிகள் திறந்துகொள்ளும்! சோதிப்பதே பூட்டைத் திறந்துவிடும். இதற்காகவே சில கம்பெனிகள், பூட்டிய பிறகு சில விநாடிகளுக்குக் கைப்பிடியை இழுத்தாலும் திறக்காதபடி வைத்திருக்கின்றன. அந்த வசதி இல்லாவிட்டால், சாவியைக் கூட வந்தவரிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லி இழுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பையில் இருக்கும் ரிமோட் தவறுதலாக அழுந்திக் கார் திறந்துகொண்டால், கதவை யாரும் திறக்காதவரை சுமார் 30 விநாடியில் தானே மறுபடி பூட்டிக்கொள்ளும் வசதி பல மாடல்களில் இருக்கிறது.

கல்லிக்குள் போன பிறகும் காரிடம் விசாரிக்க இப்போது வழி உண்டு. ஹூண்டாய் 2019 மே மாதம் வென்யூ காரோடு இந்தியாவில் புளூலிங்க்கைக் கொண்டுவந்தது. மாருதி, டாடா, கியா எல்லாவற்றிலும் அதுபோன்ற ஆப் இருக்கிறது. பூட்டு நிலவரம் போனில் தெரியும், அங்கிருந்தே பூட்டவும் முடியும். இது வழக்கமாக மேல் ரக மாடல்களில்தான் கிடைக்கும். இலவசக் காலம் முடிந்தால் சந்தாவும் கட்ட வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால், தொலைந்த ரிமோட்டின் பதிவை சர்வீஸ் சென்டரில் நீக்கச் சொல்லலாம். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் கையில் இருக்கும் ரிமோட்டுக்கும் அந்தக் கார் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். கார் திருடுபோனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இரண்டு சாவிகளையும் கேட்கும். காரைப் பாதுகாக்க நியாயமான அக்கறை எடுத்தீர்களா என்றும் கேட்பார்கள். காருக்குள் இருந்த லேப்டாப்போ நகையோ சாதாரண மோட்டார் பாலிசியில் சேராது.

காரைப் பூட்டுவதற்குத் திருட்டைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. தாராவித் தமிழர்களில் பலருக்குப் பூர்விகம் நெல்லைச் சீமை. அங்கே பணகுடி அருகே 2022 ஜூனில், வீட்டுப் பக்கம் நின்ற காருக்குள் விளையாடப் போன 3 குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். தாராவியிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஆன்டாப்ஹில்லில் 2024 ஏப்ரலில், கேட்பாரற்று நின்ற ஒரு காருக்குள் 7 வயது அண்ணனும் 5 வயது தங்கையும் பிணமாகக் கிடைத்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் அருகே துவாரபுடி கிராமத்தில் 4 குழந்தைகள்.

உள்ளே நுழைகிற குழந்தைக்குத் திரும்பத் திறக்கத் தெரியாமல் போகலாம். பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்கவே வராது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி வெப்பம் ஏறும். அதனால் வீட்டு வாசலில் நின்றாலும், ஓடாத பழைய வண்டியானாலும் காரைப் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கு முன் பின்சீட்டைப் பார்க்க வேண்டும். சாவியைக் குழந்தை கைக்கு எட்டாத ஆணியில் மாட்ட வேண்டும். விளையாடப் போன குழந்தையைக் காணவில்லை என்றால், தெருவில் நிற்கிற கார்களை முதலில் பார்க்க வேண்டும், டிக்கி உட்பட.