தீவில் ஒரு நாள்: எண்ணிப் போய் எண்ணித் திரும்புங்கள்

ஹனூர், கொள்ளேகால் வட்டாரத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லோருமாகச் சேர்ந்து ஓர் உல்லாசப் பயணம் போய் வர விரும்புவது இயல்பு. கல் குவாரித் தொழிலாளியானாலும், கடைச் சிப்பந்தியானாலும், அலுவலக எழுத்தரானாலும், மாதம் இவ்வளவு என்று எடுத்து வைத்துச் சேர்த்த பணம் ஒரே நாளில் செலவாகப் போகிறது. அந்த ஒரு நாள் வீணாகிவிடக் கூடாது. யாருக்கும் ஒரு குறையும் வராமல் வீடு திரும்பவும் வேண்டும்.

மாதேஸ்வரன் மலைக்குப் பலரும் பல முறை போயிருப்பார்கள். ஹனூரிலிருந்து எதிர்த் திசையில், கொள்ளேகாலைத் தாண்டி, சுமார் 40 கிலோமீட்டரில் காவிரி நடுவே ஒரு தீவு இருக்கிறது. அதுதான் சிவசமுத்திரம். காவிரி இங்கே இரண்டாகப் பிரிந்து தீவைச் சுற்றிக் கொண்டு ஓடுகிறது. ஒரு கிளை ககனச்சுக்கி அருவியாகவும், மற்றொரு கிளை பரச்சுக்கி அருவியாகவும் விழுந்து, கீழே மீண்டும் ஒன்று சேர்கின்றன.

கப்பல் கம்பெனியின் தீவு

தீவுக்குப் போய் ஒரு நாள் பொழுது போக்குவது என்றால் பணக்காரர் விவகாரம் என்று தோன்றலாம். வெளிநாடுகளில் அப்படித்தான் இருக்கிறது. உல்லாசக் கப்பல் கம்பெனிகள் தங்கள் பயணிகளுக்கென்றே சொந்தமாகத் தீவு வைத்திருக்கின்றன. இன்று நார்வீஜியன் குரூஸ் லைன் என்று பெயர் கொண்ட கம்பெனி, 1977இல் பஹாமாஸ் நாட்டில் கிரேட் ஸ்டிரப் கே என்ற சிறு தீவை வாங்கியது. இந்த வழக்கத்துக்கு அதுவே தொடக்கம். பக்கத்துத் தீவு ராயல் கரீபியன் கம்பெனியின் கையில் இருக்கிறது. அதற்குக் கோகோ கே என்று பெயரிட்டு, 2019இல் பெரும் செலவில் புதுப்பித்தார்கள்.

இத்தகைய தீவில் பயணி செலவழிப்பது ஒரு பகல் பொழுதுதான். ஆனால் அந்தப் பகலுக்கான ஏற்பாடுகள் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. எது டிக்கெட்டில் சேர்ந்தது, எதற்குத் தனிக் காசு என்பது முதலிலேயே தெரிந்துவிடும். பொதுவாக மதியச் சாப்பாடும் கடற்கரை நாற்காலியும் டிக்கெட்டில் அடக்கம். நிழற்குடில், சைக்கிள், நீருக்கடியில் மீன்களைப் பார்க்கும் கண்ணாடி, மூச்சுக் குழாய் முதலியவற்றுக்கு வாடகை உண்டு. நிழற்குடில்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுமாதலால் முன்பதிவு செய்து கொள்வார்கள். கடல் கொந்தளித்துக் கப்பல் தீவை அணுக முடியாமற் போனால், கம்பெனியிடம் பதிவு செய்த வாடகைப் பணம் திரும்பி வரும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. கப்பலை விட்டு இறங்கும் ஒவ்வொருவரின் அட்டையும் வாசலில் பதிவாகிறது. திரும்ப ஏறும்போதும் பதிவாகிறது. மாலையில் எத்தனை பேர் இன்னும் வரவில்லை, யார் யார் என்பது கப்பல்காரருக்கு உடனே தெரியும்.

சிவசமுத்திரத்தில் உங்களை எண்ணுவார் யாரும் இல்லை. அந்த வேலையை நீங்களேதான் செய்து கொள்ள வேண்டும். தீவுப் பயணத் திட்டத்தின் சாரமே இதுதான்.

ஒரு முதலியாரின் தீவு

சிவசமுத்திரமும் ஒரு காலத்தில் தனியார் பொறுப்பில் இருந்த தீவுதான் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மைசூர் ரெசிடெண்டின் நம்பிக்கைக்குரிய அலுவலராக இருந்தவர் ராமசாமி முதலியார். தீவில் பாழடைந்து கிடந்தவற்றைச் சீர்படுத்தி, காவிரியின் மீது கற்பாலம் எழுப்பியவர் அவரே. அதற்கு வெகுமதியாக அவருக்கு ஜாகிர் கிடைத்தது. வருகிற பயணிகள் தங்குவதற்கு ஒரு பங்களாவும் கட்டினார். வெல்லெஸ்லி பாலம் என்று பெயர் பெற்ற அந்தக் கற்பாலத்தில் ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சேதமுற்றது. அதன் கற்கம்பங்களை இன்றும் பார்க்கலாம்.

தமிழருக்கும் இந்தத் தீவுக்கும் வேறு தொடர்புகளும் உண்டு. கொள்ளேகால் தாலுகா 1956 அக்டோபர் வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த நவம்பர் 1ஆம் தேதிதான் மைசூர் மாநிலத்துடன் சேர்ந்தது. ஹனூரும் அதனுடன் வந்ததே. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்தில் பிறந்த மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே ஓடி, முதலில் கோலார் தங்கவயலைத்தான் அடைந்தது. அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான்.

தீவில் உள்ள ரங்கநாதர் கோயிலை மத்திய ரங்கம் என்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் திருச்சி ஸ்ரீரங்கத்துக்கும் இடைப்பட்ட ரங்கம் இது. சோமேஸ்வரர் கோயிலும், ககனச்சுக்கிப் பக்கம் ஒரு தர்காவும் இருக்கின்றன. ஆகவே எந்தச் சமயத்தவர் சேர்ந்து போனாலும் அவரவர்க்குத் தரிசனம் உண்டு.

போக்குவரத்தும் வாடகையும்

நாலைந்து பேர் மட்டும் போவதானால் பஸ் போதும். ஹனூரிலிருந்து கொள்ளேகாலுக்கும், அங்கிருந்து மளவள்ளி போகும் சாலையில் சத்தேகால் கைகாட்டிச் சந்திப்பு வரைக்கும் பஸ்ஸில் போகலாம். அதற்கப்பால் ஆட்டோதான். ஏறும் முன்பே, இறக்கிவிட மட்டுமா, காத்திருந்து திரும்ப அழைத்து வரவா என்பதைப் பேசி முடித்துவிட வேண்டும். மாலையில் அருவிப் பக்கத்தில் ஆட்டோ தேடுவது சிரமம்.

இருபது பேருக்கு மேல் போனால் வேன் வாடகைக்குப் பிடிப்பது உத்தமம். வாடகை பேசும்போது கேட்க வேண்டியவை: கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா? குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர்? டிரைவர் பேட்டா சேர்ந்ததா? வண்டி நிறுத்தும் கட்டணம் யாருடையது? காத்திருப்புக்குத் தனிக் காசு உண்டா? இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி இரு தரப்பும் வைத்துக் கொண்டால் திரும்பும்போது சச்சரவு வராது. ஒகேனக்கல், மேட்டூர் என்று தமிழ்நாட்டு எல்லைக்குள் போவதாக இருந்தால் வெளிமாநில பெர்மிட் செலவையும் கேட்டுக் கொள்ள வேண்டும்.

பாத்திரங்களை வாடகைக்கு எடுத்து ஆற்றங்கரையில் சமைப்பது பழைய வழக்கம். இப்போது அருவிப் பக்கம் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொண்டு போவதே மேல். வாடகைக்கு எடுப்பதானால் மூடி போட்ட தூக்குப் பாத்திரங்களும் இரண்டு ஜமக்காளங்களும் போதும். குரங்குகள் தொல்லை அதிகம். மூடியில்லாத பாத்திரத்தில் இருப்பது மனிதருக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பரிசல் ஏறுமுன்

தீவுப் பயணத்தில் பிள்ளைகள் ஆசையோடு எதிர்பார்ப்பது பரிசல் சவாரி. கன்னடத்தில் இதைத் தெப்பம் என்றும் ஹரிகோலு என்றும் சொல்வார்கள். மூங்கிலால் கூடை போல் முடைந்து, முற்காலத்தில் தோலால் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் பூசுகிறார்கள். அடிப்புறம் தட்டையாகவும் உருவம் வட்டமாகவும் இருப்பதால் பாறை நிறைந்த, ஆழமில்லாத நீரிலும் அது மிதக்கும். ஆனால் அதே காரணத்தால், உள்ளே இருப்பவர்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் சட்டென்று கவிழ்ந்தும் விடும். கனமானவர்கள் எதிரெதிராக உட்கார வேண்டும். போட்டோவுக்காக எழுந்து நிற்கவே கூடாது.

2015 ஜூலையில் ஒகேனக்கலில் ஒரு பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 6 பேர் உயிரிழந்தனர். அவர்களும் ஒரு நாள் உல்லாசமாகக் கழிக்க வந்தவர்களே. பரிசலில் இடம் இருக்கிறது என்று இன்னும் ஒருவர் ஏறுவதும், லைப் ஜாக்கெட் வியர்க்கிறது என்று கழற்றி வைப்பதும் சிறு விஷயங்களாகத் தோன்றும். ஆற்றின் நடுவில் அவை சிறு விஷயங்கள் அல்ல.

ஆகவே வாடகை பேசும்போது நாலு கேள்வி கேளுங்கள். கட்டணம் ஆளுக்கா, பரிசலுக்கா? ஒரு பரிசலில் எத்தனை பேர் ஏற்றுவார்கள்? எவ்வளவு நேரம் சுற்றிக் காட்டுவார்கள்? எல்லோருக்கும், குழந்தைகளுக்கும் பொருந்தும் அளவில், லைப் ஜாக்கெட் உண்டா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் முதல் மூன்று கேள்விகளும் தேவையில்லை. கரையிலேயே இருந்துவிடுங்கள். கட்டணப் பலகை வைத்திருக்கும் இடத்தில் பலகையைப் பார்த்தே பணம் கொடுங்கள். கன்னடம் சரளமாக வராதவர்கள் ‘ஒப்பரிகெ எஷ்டு?’ என்று கேட்டால் ஆளுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள்.

பரிசல்காரரிடம் பேரம் பேசலாம். ஆனால், ‘இன்றைக்குத் தண்ணீர் சரியில்லை, போக முடியாது’ என்று அவர் சொன்னால் அதில் பேரம் கூடாது. சவாரி போகாவிட்டால் அவருக்கு அன்று கூலியில்லை. கூலியை விட்டுக் கொடுத்து ஒருவர் சொல்லும் எச்சரிக்கை பொய்யாக இருக்காது.

தண்ணீர்க் கணக்கு

சிவசமுத்திரத்தில் வெயில் அடித்துக் கொண்டிருக்கும்போதே ஆறு ஏறலாம். காரணம் மேலே உள்ள அணைகள். கண்ணம்பாடியில் உள்ள கிருஷ்ணராஜசாகர் அணையின் முழு மட்டம் 124.80 அடி. அது நிரம்பியதும் வருகிற நீரைத் திறந்துவிட்டாக வேண்டும். கபினி நீரும் திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலந்து, இங்கேதான் வருகிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை அருவி பார்க்க அழகு. அந்த மாதங்களில் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். பரச்சுக்கிப் படிகளில் இறங்கவும் அப்போது பெரும்பாலும் தடை இருக்கும். பரிசலுக்கும் குளியலுக்கும் நீர் தணிந்த மாதங்களே ஏற்றவை. அப்போதும் அனுமதி உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

அணை நீர்மட்டம் தினமும் பத்திரிகையில் வருகிறது. புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நாள் பத்திரிகையில் நீர் வெளியேற்றம் எவ்வளவு என்று பார்த்து, கூடிக் கொண்டே வந்தால், பரிசலைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் என்ன என்பதையும் முன்பே முடிவு செய்து கொள்ளுங்கள். இரண்டு கோயில்கள், ககனச்சுக்கிக்கு எதிர்க்கரையில் உள்ள காட்சி மேடை, நேரமிருந்தால் மணலில் புதைந்து எழுந்த தலக்காட்டுக் கோயில்கள் என்று ஒரு பகல் நிறைந்துவிடும். மாற்றுத் திட்டம் இல்லாதவர்கள்தான், வந்ததற்கு இறங்கியாவது பார்ப்போம் என்று தடையை மீறுகிறார்கள்.

நோட்டுப் புத்தகம் ஒன்று

கூட்டமாகப் போகும்போது ஒருவரைத் தலைவராக வைத்துக் கொள்ள வேண்டும். அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அதில் எல்லோர் பெயரும், வயதும், வீட்டில் இருப்பவரின் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்க வேண்டும். இருவர் இருவராக ஜோடி சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் சட்டைப் பையில் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். பள்ளத்தில் செல்போன் எப்போதும் எடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

எண்ண வேண்டிய இடங்கள் ஐந்து: வேன் ஏறும்போது, அருவிப் படிகளில் இறங்கும் முன், பரிசலில் ஏறும்போதும் இறங்கும்போதும், சாப்பாட்டுக்கு உட்காரும்போது, திரும்ப வேன் ஏறும்போது. காலை 7 மணிக்குப் புறப்பட்டு, தண்ணீர்ப் பக்கத்து வேலைகளை மதியத்துக்குள் முடித்து, 4 மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே கொள்ளேகால் வந்துவிடலாம். மது அருந்தியவரை ஆற்றுப் பக்கம் விடக் கூடாது என்பதைப் புறப்படும் முன்பே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுவது நல்லது. அங்கே போய்ச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று பெரியவர்கள் சொன்னது காசுக்கு மட்டுமல்ல. கப்பல் கம்பெனி தன் தீவில் அட்டை வைத்துச் செய்கிற காரியத்தை, ஹனூர்த் தொழிலாளர்கள் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்துச் செய்து கொள்ளலாம். காலையில் ஏறியவர் இருபத்திரண்டு பேர் என்றால், மாலையில் வேன் நகரும் முன் நோட்டில் இருபத்திரண்டு பெயருக்கும் எதிரே கோடு விழுந்திருக்க வேண்டும்.